ஒற்றைக்கை விசைப்பலகை வாய் மூடிய நாள்

என்னைப் பொய்யன் என்று பாசத்தோடு கூப்பிட்ட ஒரே மனிதராகிய என் அத்தானுக்கு,

கோணமலையும் அதன் கீழே இரைகிற கடலும் சாட்சியாக, துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கிற அத்தனை கப்பல்களும் சாட்சியாக, ஒரு கதை சொல்லப்போகிறேன். ஒருவரும் நம்பமாட்டார்கள். எழுதுகிற நானே பாதியை நம்பவில்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல? நான் வாய் திறந்தவுடனே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "சரி மச்சான், இண்டைக்கு எந்தக் கப்பலை விழுங்கினீர்?" என்று கேட்க இப்போது ஆளில்லை.

நினைவஞ்சலி எழுத இடம் தந்தவர்கள், "அன்னாரின் நற்பண்புகளைக் குறிப்பிடுங்கள்" என்றார்கள். உங்கள் நற்பண்புகளை எழுத இந்தத் தீவிலுள்ள கடதாசி போதாது; கெட்ட பண்புகளை எழுத இன்னொரு தீவு வேண்டும். ஆகையால் இரண்டையும் விட்டுவிட்டு, உங்கள் விசைப்பலகைக்கு வந்த வினையைச் சொல்கிறேன்.

பக்கத்தில் நின்று ஒட்டுக்கேட்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் அத்தான் துறைமுகத்தில் பாரந்தூக்கிகளுக்கு மின்சார வேலை பார்த்தவர். அவர் மணந்தது என் அக்காவை. அவர்களுடைய ஒரே மகள் தர்சினி, எனக்கு மருமகள். சல்லி அம்மன் கோயிலுக்குப் போன வழியில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்ததில் அவளுடைய இடது கை நரம்பு போய்விட்டது. கை இருக்கிறது, சொன்ன சொல் கேட்காது. பல்கலைக்கழகம் முடித்த பிள்ளை, ஒற்றை விரலால் கணினியைத் தட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அத்தான் எழும்பிப் போனார். அதற்குப் பிறகு அவர் சாப்பிடவில்லை, உறங்கவில்லை, ஆறு பருவமும் அவரைக் கடந்து போயின, தாடி மேசைவரை வளர்ந்தது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். தாடி பொய். மற்றது அவ்வளவாகப் பொய்யில்லை.

வலது கைக்கு மட்டும் ஒரு விசைப்பலகை. கடையில் வாங்கியதல்ல. தர்சியின் கையைத் தாளில் வைத்து வரைந்து, விரல் எட்டுகிற இடத்தில் மட்டும் விசைகளை வைத்து, உள்ளே போகிற சுற்றுப்பலகையை நீங்களே கணினியில் கீறி, வெளிநாட்டுக்கு அனுப்பிச் செய்வித்து எடுத்தீர்கள். பெருவிரலால் ஒரு விசையை அமர்த்திப் பிடித்தால் மற்றப் பாதி எழுத்துகள் வரும். மூன்று நான்கு விசைகளை ஒன்றாக அமர்த்தினால் ஒரு முழுச் சொல் வந்து விழும். தர்சி அதில் எழுதுகிற வேகத்துக்கு, இரண்டு கையும் உள்ளவர்கள் வெட்கப்பட்டுத் தங்கள் ஒரு கையைக் கட்டிக்கொள்ளவேண்டும்.

அதை அவள் பழகி முடித்த சில மாதங்களில், நெஞ்சு நோகிறது என்று சொல்லிக்கொண்டே போய்விட்டீர்கள். நல்ல பழக்கமா அது?

சரி. இங்கத்தைய செய்தி.

தர்சிக்கு ஒரு வேலை வாய்க்கிற மாதிரி இருந்தது. காது கேளாத மாணவர்களுக்கு இணையவழியில் பாடம் நடத்துகிறார்கள். ஆசிரியர் பேசப் பேச, அதைக் கேட்டு உடனுக்குடனே தமிழில் எழுதவேண்டும். அந்த எழுத்து மாணவர்களின் திரையில் கீழே ஓடும். ஒரு பாடத்தைப் பரீட்சார்த்தமாகத் தந்தார்கள். வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணி. சரியாகச் செய்தால் தொடர்ந்து தருவோம், இல்லையென்றால் கொழும்பில் இன்னொரு பெண் காத்திருக்கிறாள் என்று பண்பாகச் சொன்னார்கள். பண்பாகச் சொல்கிறவர்களிடம்தான் எனக்குப் பயம்.

வெள்ளிக்கிழமை காலை, பஸ் நிலையத்தடியில் ஓட்டோவை நிறுத்திவிட்டு, சங்க இலக்கியத்துக்கு நிகரான ஒரு சம்பவத்தை மற்ற ஓட்டோக்காரருக்கு விவரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

"மாமா, உடன வாங்கோ."

"என்ன பிள்ளை, றோட்டில திரியிற மான் உள்ள வந்திட்டுதோ?"

"பகிடி விடாதேங்கோ. கீபோர்ட் செத்துப்போச்சு."

நான் எப்படி வந்தேன் என்று கேட்காதீர்கள். ஓட்டோவின் முன்சில்லு நிலத்தில் படவேயில்லை. உட்துறைமுகக் கரையில் நின்ற கொக்குகள் எனக்கு வழிவிட்டு எழும்பின.

மேசையில் உங்கள் பலகை. தர்சி அதன் முன்னால் கல்லாக இருந்தாள். "வணக்கம்" என்று அடித்துக் காட்டினாள். திரையில் "வண" என்று மட்டும் வந்தது. "மாமா" என்று அடித்தாள். இரண்டு துணைக்கால்கள் மட்டும் வந்து நின்றன. என்னை வெட்டி விழுங்கிவிட்டு என் கால்களைத் துப்பியிருந்தது உங்கள் விசைப்பலகை.

"க இல்லை. ம இல்லை. ல இல்லை. புள்ளியும் இல்லை," என்றாள். "நேற்று இரவு வரைக்கும் விட்டு விட்டு வந்தது. இப்ப ஒரேயடியாய் இல்லை."

அத்தான், புள்ளி இல்லாமல் தமிழ் எழுதிப் பாருங்கள். ககரமும் மகரமும் இல்லாமல் ஒரு மணித்தியாலம் யாராவது பேசுவார்களா?

"இன்னொரு நாளுக்கு மாத்தச் சொல்லிக் கேப்பமே?"

"ஏலாது மாமா. முதல் நாளே சாட்டுச் சொன்னா என்ன நினைப்பினம்? கையைத்தான் நினைப்பினம்."

அதற்குப் பிறகு நான் அந்தக் கதையை எடுக்கவில்லை.

நான் மின்சாரம் படித்தவன் இல்லை. ஆனால் உங்களுக்குப் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்தே அரைவாசி படித்தவன். தர்சி முழுதாய்ப் படித்தவள். நீங்கள் ஈயம் ஒட்டும்போது பக்கத்தில் இருந்து பார்த்தவள் மட்டுமல்ல, கையில் சூட்டுக்கோலைப் பிடித்தவளும் அவள்தான். கம்பியைப் பிடித்தது நீங்கள். இரண்டு பேருக்கும் சேர்த்து மூன்று கை. அதை நான் அந்தக் காலத்தில் கேலி பண்ணியிருக்கிறேன்.

முதலில் வயரை மாற்றினோம். இல்லை. கணினியில் வேறு துளையில் செருகினோம். இல்லை. என் மகனின் பழைய கணினியில் கொண்டுபோய்ச் செருகினோம். அங்கேயும் என் இரண்டு கால்கள்தான் வந்தன. அப்படியென்றால் கணினியில் பிழையில்லை.

பிறகு க விசையைக் கழற்றி, ஒழுங்காக வேலை செய்கிற த விசையின் இடத்தில் போட்டாள். அது அங்கே போய் நல்ல பிள்ளையாக த எழுதியது. த விசை க இடத்தில் வந்து ஊமையாகிவிட்டது.

"விசையில பிழையில்லை. இடத்திலதான் பிழை," என்றாள்.

விசையைக் கழற்றிய இடத்தில் இரண்டு சின்னத் துளைகள். சாவணம் என்கிற சின்ன இடுக்கியின் இரண்டு முனையையும் அந்தத் துளைகளில் வைத்து இரண்டையும் தொடுத்தால், விசையை அமர்த்தியதற்குச் சமம், எழுத்து வரவேண்டும். தொடுத்தாள். வரவில்லை. இன்னும் அழுத்தித் தொடுத்தாள். என் மூச்சு நின்றது. துறைமுகத்தில் அலையும் நின்றது. எழுத்து வரவில்லை.

"போர்டுக்குள்ளதான் மாமா. திறக்கவேணும்."

சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். அது என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது.

குசினியில் அக்கா மரக்கறி வெட்டுகிற சத்தம் கேட்டது. உங்களுக்குத் தெரியும், அக்கா வெட்டுகிற சத்தத்தை வைத்தே அவளுடைய மனநிலையைச் சொல்லலாம். அன்றைக்கு மிக மெதுவாக வெட்டிக்கொண்டிருந்தாள். ஏதோ பிழை என்று அவளுக்குத் தெரியும். என்ன பிழை என்று கேட்க அவளுக்குப் பயம். உங்கள் கையால் செய்த கடைசிச் சாமான் அல்லவா அது?

திருகாணிகளைக் கழற்றினேன். உங்கள் திருகாணிகள் கொசுவின் பல்லைவிடச் சிறியவை. ஒன்று கீழே விழுந்து உருண்டது. நிலத்தில் படுத்துத் தேடினேன். அதைத் தேடுகையில் இந்த வீட்டில் தொலைந்த சாவி, செருப்பு, ஒல்லாந்தர் காலத்துப் பீரங்கிக்குண்டு எல்லாம் கிடைத்தன. திருகாணி மட்டும் கிடைக்கவில்லை.

பெட்டியைத் திறந்தாள்.

சந்தன மணம் வந்தது.

அத்தான், பகிடிக்குச் சொல்லவில்லை. சுற்றுப்பலகையைத் திருப்பியதும் கோயில் மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி மணத்தது. பலகையின் அடியில், ஓர் ஓரமாக, மஞ்சளாய்க் காய்ந்த பொருக்கு. அதன் நடுவில் செம்பு பச்சையாகப் பூத்துப்போயிருந்தது.

நானும் தர்சியும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

நீங்கள் போன அந்த வருடம் இந்த வீட்டில் ஒரு பண்டிகையும் இல்லை. ஆண்டுத் திவசம் முடிந்து வந்த முதல் நவராத்திரியில்தான் அக்கா அலுமாரியைத் திறந்து ஒரு நல்ல சேலை எடுத்தாள். சரஸ்வதி பூசைக்கு எல்லாரும் புத்தகம் வைப்பார்கள். அக்கா புத்தகங்களுக்கு மேலே உங்கள் விசைப்பலகையை வைத்தாள். வைத்ததோடு விட்டாளா? பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியாகப் பொட்டு வைத்தாள். அதற்கு மேல் குங்குமம். அதற்கு மேல் பூ. பிறகு தீர்த்தமும் தெளித்தாள். கலைமகளே வந்து தட்டச்சுச் செய்யப்போகிற மாதிரி இருந்தது அலங்காரம். விஜயதசமி அன்று தர்சி மேலே துடைத்துவிட்டு எழுதத் தொடங்கினாள். விசைகளுக்கு இடையால் கீழே இறங்கியதை யார் கண்டார்கள்? இறங்கியது அங்கேயே ஊறி, இங்கத்தைய உப்புக் காற்றையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டு, ஆறுதலாக உங்கள் செம்பைத் தின்றிருக்கிறது.

"அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ," என்று தர்சி வாயசைத்தாள்.

"நானோ? நான் பொய்யில பட்டம் எடுத்தவன்," என்று நானும் வாயசைத்தேன்.

பார்மசியில் வாங்கிய ஸ்பிரிட்டும் பழைய பல் துலக்கும் பிரஷும் எடுத்து, பொருக்கைத் தேய்த்துக் கழுவினாள். அவள் ஒற்றைக் கையால் தேய்க்க, நான் பலகையை அசையாமல் பிடித்தேன். மஞ்சள் தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டுச் செருகிப் பார்த்தோம். வண. இரண்டு கால். மாற்றமில்லை.

அப்போது அக்கா தேத்தண்ணியோடு வந்தாள்.

"தம்பி, என்ன பிழையாம்?"

"ஒண்டுமில்லை அக்கா. உப்புக் காத்து. போன கிழமை ஒரு பிறநாட்டுக் கப்பல் வந்து உப்பு இறக்கினது. அந்தக் கப்பலாலதான் இஞ்ச பாதி வீட்டில டீவி வேலை செய்யேல்லை."

"அப்பிடியோ?" என்றாள் அக்கா. தேத்தண்ணியை வைத்தாள். மேசையில் கிடந்த மஞ்சள் பிரஷைப் பார்த்தாள். உள்ளே போனாள். வெட்டுகிற சத்தம் திரும்பக் கேட்கவில்லை.

எனக்கு அது பிடிக்கவில்லை, அத்தான். அவள் ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி மீட்டர். உங்கள் மீட்டரின் இரண்டு முனைகளையும் பலகையில் ஓடுகிற ஒரு செம்புக் கோட்டின் இரண்டு இடங்களில் தொட்டால், கோடு முழுதாக இருந்தால் கீக் என்று கத்தும். முதலில் ஒவ்வொரு விசைக்கும் பக்கத்திலிருக்கிற டயோட்டுகளைச் சோதித்தாள். ஒருவழிப் பாதை மாதிரி அவை ஒரு பக்கம் மட்டும் விடவேண்டும். எல்லாம் ஒழுங்காக விட்டன. அப்போது எனக்கு ஒரு சந்தேகம்.

"பிள்ளை, கவும் மவும் லவும் புள்ளியும் பக்கத்துப் பக்கத்து வீடே இல்லையே. ஒண்டு சின்ன விரலுக்கு, ஒண்டு நடு விரலுக்கு. எப்பிடி நாலும் ஒண்டாய்ச் செத்தது?"

"எல்லாம் ஒரே கோட்டில இருக்கு மாமா. ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இல்லை. ஒரு கோட்டில ஆறு விசை."

"பஸ் ரூட் மாதிரி."

"ஓம். அப்பா அந்தக் கோட்டை நேராய் விடேல்லை. பாருங்கோ, சுத்திச் சுத்திக் கொண்டுபோயிருக்கிறார்."

உண்மைதான். நடுவில் தாராளமாக இடமிருக்க, நீங்கள் அந்தக் கோட்டைப் பலகையின் ஓரமாக வளைத்துக் கொண்டுபோயிருந்தீர்கள். ஏன் அத்தான்? எதற்காக அந்த நடுவை வெறுமையாக விட்டீர்கள்? பிறகு எதையாவது அங்கே வைக்க நினைத்திருந்தீர்களா? இதை எங்கே போய்க் கேட்பது?

சரி, பஸ் ரூட் என்றால் அது என் ராச்சியம். திருகோணமலையில் வெளிக்கிட்டால் பாலையூற்று, பிறகு தம்பலகாமம், பிறகு கந்தளாய். முதல் தரிப்பிடம் ந. இரண்டாவது த. பிறகு க, ம, ல, புள்ளி.

"நவும் தவும் வேலை செய்யுது. அப்ப பாலையூற்று வரைக்கும் பஸ் வருகுது," என்றேன். "கந்தளாய்க்காரன் அங்க நிண்டு கத்திறான். றோட்டு உடைஞ்சது இடையிலதான்."

தர்சி மீட்டரின் ஒரு முனையைத் த விசை பலகையில் ஊன்றுகிற காலில் வைத்தாள். நான் மற்ற முனையைக் கோட்டு வழியே நகர்த்தினேன். கீக். கீக். கீக். பச்சை பூத்த இடத்துக்கு வந்தேன். மௌனம். அதைத் தாண்டி க விசையின் காலில் வைத்தேன். மௌனம். க காலிலிருந்து மவுக்கு வைத்தோம். கீக்.

அவ்வளவுதான். ஒரு மயிர் அகலத்துக்குச் செம்பு இல்லை. அங்கேதான் தமிழின் பாதி நின்றுபோயிருந்தது.

"வயர் ஒண்டு போட்டுத் தாண்டவேணும். தவில இருந்து கவுக்கு," என்றாள். "நான் அயனைப் பிடிக்கிறன். நீங்கள் வயரைப் பிடியுங்கோ."

பழைய போன் சார்ஜரின் வயரை அறுத்து, உள்ளே இருந்த மெல்லிய கம்பியை எடுத்தோம். உங்கள் சூட்டுக்கோல் சூடேறியது. நான் சாவணத்தால் கம்பியைப் பிடித்து, த விசையின் காலில் வைத்தேன். அவள் சூட்டுக்கோலை வைத்தாள். ஈயம் உருகியது. அந்த நேரம் பார்த்து என் கை கொஞ்சம் இழுத்துவிட்டது. ஈயத்தோடு சேர்ந்து அடியிலிருந்த செம்பு வட்டமும் ஓர் ஓரத்தில் உரிந்து எழும்பியது.

"மாமா!"

"நான் ஒண்டும் செய்யேல்லை!"

"கையை எடுங்கோ. மூச்சு விடாதேங்கோ. இது முழுக்கக் கழண்டா ஒட்ட இடமே இல்லை."

அவள் சூட்டுக்கோலின் முனையால் அந்த வட்டத்தை மெல்ல அழுத்தி, ஈயத்தை ஆறவிட்டாள். பிடித்துக்கொண்டது. ஒரு பக்கம் முடிந்தது. மற்றப் பக்கம், க. என் கையைப் பார்த்தேன். நடுங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் வைத்த மாதிரி.

அப்போதுதான் மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது.

மணிக்கூடு இரண்டு மணியைத் தாண்டியிருந்தது. கணினியில் சார்ஜ் இருந்தது. இணையத்துக்குப் போனில் டேட்டா இருந்தது. சூட்டுக்கோல்தான் ஆறிக்கொண்டிருந்தது. தர்சி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் ஏதாவது பகிடி விட்டிருப்பேன்.

"அப்பா இதைப் பாரந்தூக்கிக்கு மேல கொண்டுபோறவர்," என்றாள் திடீரென்று. "அங்க எங்க பிளக்?"

உங்கள் சூட்டுக்கோலின் அடியைத் திருப்பிப் பார்த்தாள். வட்டமான சின்னத் துளை. மேசை லாச்சிக்குள் கையை விட்டு, முதலைவாய்க் கிளிப் பொருத்திய வயரொன்றை இழுத்து எடுத்தாள்.

"பட்டரியில வேலை செய்யும் மாமா!"

ஓட்டோவை முற்றத்துக்குள்ளேயே ஏற்றினேன். செவ்வரத்தை மரம் ஒன்று வீரமரணம் அடைந்தது. பட்டரியைத் திறந்து கிளிப்புகளைக் கடிக்கவிட்டோம். ஓட்டோவின் பின் சீற்றில் ஒரு தட்டைப் போட்டு, அதில் பலகையை வைத்து, தர்சி முன்னால் நிலத்தில் முழந்தாளில் இருந்தாள். வேலிக்கு வெளியே மான்கள் வந்து நின்றன. முதலில் இரண்டு. பிறகு கோட்டைக்குள் இருக்கிற மான்கள் எல்லாம். ஒரு கொம்பன் தலையை உள்ளே நீட்டி, "தம்பி, கம்பியைக் கொஞ்சம் இடப்பக்கம்" என்றது.

சூட்டுக்கோல் சூடேறியது. சாவணத்தை எடுத்தேன். கம்பியின் நுனி க விசையின் காலுக்கு மேலே நின்று கூத்தாடியது. இந்தப் பக்கம் போனது. அந்தப் பக்கம் போனது. வைக்கவே முடியவில்லை, அத்தான்.

"தம்பி, இஞ்ச தா."

அக்கா பின்னால் நின்றாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. கையைக் கழுவி, சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ ஏன் அக்கா? எனக்கு இது..."

"பொய் சொல்லேக்க நடுங்காத கை. இப்ப மட்டும் ஏன் நடுங்குது?"

"அம்மா, நீங்கள் போங்கோ, நாங்கள் செய்யிறம்," என்றாள் தர்சி, தலை நிமிராமல்.

"சும்மா இரு பிள்ளை. எனக்கு மணக்காதே? உப்புக் கப்பலாம். நான் அரைச்ச சந்தனம் எனக்குத் தெரியாதே?"

மான்கள் நிலத்தைப் பார்த்தன.

அக்கா என் கையிலிருந்த சாவணத்தை வாங்கினாள். கம்பியைப் பிடித்தாள். "எந்தக் கால்?" என்று கேட்டாள். தர்சி காட்டினாள். கம்பியின் நுனி அந்தக் காலில் போய் இருந்தது. அப்படியே இருந்தது. தர்சி சூட்டுக்கோலைக் கொண்டுவந்தாள். அந்த நேரம் பார்த்துத் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதியது. சாதாரண ஊதல் இல்லை. கடலடியில் மீன்கள் காதைப் பொத்தின, என் ஓட்டோவின் கண்ணாடி அதிர்ந்தது, நான் குதித்தே விட்டேன். அக்காவின் கை அசையவில்லை. புகை அவளுடைய முகத்துக்கு நேரே எழும்பியது. கண்ணீர் வழிந்தது. கண்ணை மூடவில்லை, துடைக்கவில்லை. ஈயம் உருகிப் பரவி, மினுங்கி, மங்கி, ஆறியது.

"விடலாம் அம்மா," என்றாள் தர்சி.

அக்கா அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் விடவில்லை.

மீட்டரை வைத்தோம். ந காலில் ஒன்று, புள்ளியின் காலில் ஒன்று. திருகோணமலையிலிருந்து கந்தளாய் வரை.

கீக்.

பெட்டியை மூட நேரமில்லை. நாலாக மடித்த துவாயில், உங்கள் பலகையை உடுப்பில்லாமல் மேசையில் வைத்து, விசைகளைப் போட்டுச் செருகினாள். "மாமா" என்று அடித்தாள். நான் முழுதாக வந்தேன், கொஞ்சம் மெலிந்திருந்தேன்.

மூன்று மணிக்குச் சற்று முன்னால் திரையில் முகங்கள் தோன்றின. சின்னச் சின்னப் பெட்டிகளுக்குள் பிள்ளைகள். சிலர் ஒருவருக்கொருவர் கைகளால் பேசிக்கொண்டிருந்தார்கள். நானும் அக்காவும் கமெராவில் படாமல் சுவரோடு ஒட்டி நின்றோம். ஆசிரியர் தொண்டையைச் செருமினார். எல்லா ஆசிரியர்களும் பழக்கதோஷத்தில் முதலில் கேட்பதைக் கேட்டார்.

"எல்லாருக்கும் கேட்கிறதா?"

தர்சியின் கை இறங்கியது. சட்டென்று அந்தக் கேள்வி முழுதாகத் திரையின் கீழே வந்து நின்றது. லகரம், ககரம், மகரம், புள்ளி, ஒன்றும் குறையவில்லை. பிறகு ஒரு பிள்ளை சிரித்தது. இன்னொன்று சிரித்தது. பக்கத்தில் பதில்கள் வரிசையாக விழத் தொடங்கின. தெரியுது சேர். தெரியுது. தெரியுது.

பாடம் முடியும்வரை அக்கா உட்காரவேயில்லை. ஒவ்வொரு முறை தர்சி புள்ளி வைக்கும்போதும் அவளுடைய வாய் தானாக அசைந்தது. ஓரிடத்தில் க விசை இரண்டு தரம் விழுந்தது. என் உயிர் போய்க் கன்னியா வெந்நீர் ஊற்றில் குளித்துவிட்டுத் திரும்பி வந்தது. பிறகு அப்படி வரவில்லை.

அடுத்த கிழமையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கொழும்புப் பெண்ணுக்கு வேறு நல்ல வேலை கிடைக்க நான் கோணேசரிடம் நேர்ந்திருக்கிறேன்.

இனி என் வாக்கு. வருகிற சரஸ்வதி பூசைக்கும் அக்கா இந்தப் பலகையை வைக்கத்தான் போகிறாள். தடுக்க எனக்குத் தைரியமில்லை, உங்களுக்கும் இருந்திருக்காது. வைக்கட்டும். சந்தனம் பெட்டியின் ஓரத்தில் மட்டும், தீர்த்தம் எனக்கு மட்டும் என்று பேசி முடித்திருக்கிறேன். மாதம் ஒருக்கால் நான் வந்து பெட்டியைத் திறந்து, உப்புப் பூத்திருக்கிறதா என்று பார்ப்பேன். இடையிடையே கம்பி பிடித்துப் பழகுவேன். என் கை நடுங்காமல் நிற்கிற நாளில் உங்களுக்கு அறிவிப்பேன். அதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

சரி, போவதற்கு முன் ஒன்று. மான் பேசவில்லை. மான்கள் திரளவும் இல்லை. நின்றது ஒன்று, அதுவும் செவ்வரத்தை தின்ன வந்தது. உப்புக் கப்பல் இல்லை. மீன்கள் காதைப் பொத்தவில்லை. கப்பல் ஊதியது சாதாரண ஊதல்தான், குதித்தது நான்தான். ஆனால் அந்தச் சத்தத்துக்குள்ளும், கண்ணில் புகை ஏறியும், அக்காவின் கை ஒரு மயிரளவுகூட அசையவில்லை. இந்தக் கடிதம் முழுவதிலும் ஒருவரும் நம்பமாட்டாத இடம் அதுதான். அது மட்டும் உண்மை, அத்தான்.

உங்கள் மனைவியின் தம்பியும், உங்கள் மகளின் நடுங்குகிற இடது கையுமான,
உங்கள் ஒரேயொரு மச்சான்.